கிழிக்கக் கூடாத கவர்

பூதப்பாண்டி தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த கோல்ஃப் ரிசார்ட்டுக்கு, சுற்றுலாத் துறை மாணவர்கள் இருபத்திரண்டு பேரும் கல்லூரிப் பேருந்தில் போனோம். வழியில் பேராசிரியை எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிசார்ட்டில் பயிற்சிக்கு இரண்டு பேரை எடுக்கிறார்கள், பயிற்சி முடிந்தால் வரவேற்பறையில் வேலை நிச்சயம் என்றார்.

"இன்னைக்கு ஒரு நாள் நீ வாயத் தொறக்காம இருந்தா போதும். ஒரு எடம் உனக்குத்தான்."

என் வாயின் நீளம் துறை முழுக்கப் பிரசித்தம். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. என் அம்மா குழித்துறைப் பக்கம் ரப்பர் நாற்றுப்பண்ணையில் கூலிக்குப் போகிறவள். நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து கறுப்பு பாலிதீன் கவரில் மண் நிரப்புவாள். விடுமுறையில் நானும் போய் நிரப்பியிருக்கிறேன். நகக்கண்ணில் மண் ஏறாத வேலை ஒன்று கிடைத்தே தீர வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. சரி, இன்று ஊமைதான் என்று முடிவு செய்தேன்.

வாசலில் காவலாளி எங்கள் பைகளைக் கிளறினார். தண்ணீர்ப் பாட்டில், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் மேசைக்குப் போயின. உள்ளே பிளாஸ்டிக் கூடாதாம். திரும்பும்போது கொடுத்து வாங்கிக்கொள்ள ஆளுக்கொரு மர டோக்கன் தந்தார். நல்ல காரியம் என்று உண்மையாகவே நினைத்தேன். உள்ளேயும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் புல்லுக்குப் பாய்ச்சுகிறார்கள். மேலாளர் விளக்க விளக்க நான் தலையாட்டிக்கொண்டே நடந்தேன்.

கடைசியாக மரம் நடும் நிகழ்ச்சி. புல்வெளி ஓரமாக வரிசையாய்க் குழிகள். பக்கத்தில் எங்கள் கல்லூரிப் பெயரைச் செருகிய பலகை. ஆளுக்கொரு புன்னங்கன்று தந்தார்கள். என் கன்றின் தண்டு முற்றியிருந்தது, இலை பழுத்திருந்தது. கவருக்கு அடியில் வேர் பிதுங்கிச் சுருண்டு கிடந்தது. நடுகிற வயதைத் தாண்டி எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். கவரைக் கிழிக்க விரலை வைத்தேன். தோட்ட வேலை செய்யும் அக்கா ஒருத்தி குனிந்து என் காதில் சொன்னாள்:

"கீறாத மக்கா. அப்படியே வச்சு மேல மண்ணத் தள்ளு. நாளைக்கி வேற காலேஜ் உண்டு. சாயங்காலம் நான் பிடுங்கி எடுக்கணும்."

எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. அந்தக் கவரில் மண் நிரப்ப ஒருத்தி இடுப்பு ஒடிய உட்கார்ந்திருப்பாள். இவர்களுக்கு அது படம் பிடிக்கிற சாமான்.

"சார், கவரோட வச்சா வேரு பிடிக்காதே?" என்றேன். ஊமை விரதம் அத்தோடு போயிற்று.

"அதெல்லாம் எங்க ஆளுங்க அப்புறம் பாத்துப்பாங்க. நீங்க கேமராவப் பாத்துச் சிரிங்க" என்றார் மேலாளர்.

பேராசிரியை என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் வரவேற்பறை முழுதும் தெரிந்தது. கண்ணாடி மேசை, குளிர்ந்த காற்று, மடிப்புக் கலையாத சேலை. ஆசை விட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். விடவில்லை. ஆசையோடேயே கவரைப் பல்லால் கடித்துக் கிழித்தேன்.

"ஏட்டி, உனக்கென்ன வட்டா, கிறுக்கா?" என்று பக்கத்துக் குழித் தோழி பதறினாள்.

சுருண்ட வேரைக் கிள்ளி எறிந்தேன். கன்றை இறக்கி, மண் தள்ளி, சுற்றிலும் காலால் மிதித்து இறுக்கினேன். புகைப்படக்காரர் சரியாக நான் கடிக்கும்போது எடுத்துவிட்டார். பேய் பிடித்தவள் மாதிரி இருந்திருப்பேன். நிமிர்ந்தபோது தோழியும் தன் கவரைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னும் நாலு பேர். மேலாளரின் சிரிப்பு மட்டும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"இனி பிடுங்கினா செத்துப் போவும்" என்றாள் அந்த அக்கா மெதுவாக. கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் பிடுங்க மாட்டேன், போ."

சாப்பாட்டுக்குப் பின் பெயர் வாசித்தார்கள். கவரைக் கிழிக்காத இரண்டு பேர். கைதட்டினேன், வயிறு எரிந்தது.

வாசலில் எல்லோரும் டோக்கனைக் கொடுத்துப் பாட்டில்களை வாங்கினார்கள். நான் சுடிதார்ப் பையிலிருந்து அந்தக் கறுப்புக் கவரை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தேன்.

"அண்ணே, இது உள்ள கெடந்தது. பிளாஸ்டிக்கு. இதுக்கும் ஒரு டோக்கன் தாங்க."

காவலாளி கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற மேலாளரையும் பார்த்தார். பிறகு சிரிக்காமல் ஒரு டோக்கனை எடுத்துத் தந்தார்.

இன்று கன்னியாகுமரியில் ஒரு சின்ன லாட்ஜில் வரவேற்பில் இருக்கிறேன். அந்த டோக்கன் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கவரைத் திரும்ப வாங்க நான் போகவில்லை. அது அவர்களுடையது.