பட்டுப்புடவை விழுந்த கட்டைவிரல்

பட்டுப்புடவை விற்கிறவனுக்கு வாய்தான் மூலதனம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆரணியில் இருபத்திரண்டு வருஷமாகக் கடை மெத்தையில் உட்கார்ந்து புடவை விரிக்கிறவன் சொல்கிறேன், சம்மணம் போட மடங்குகிற கால்தான் மூலதனம். அந்தக் காலில் வலது கட்டைவிரல் போன ஆனி மாதம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறி, கட்டைவிரல் மூட்டில் போய்க் குடியேறி, விரலைத் தக்காளி மாதிரி சிவக்க வைக்கிற வியாதி உங்களில் யாருக்காவது இருந்தால், தோழர்களே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். இல்லாதவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானே இப்போது சிரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அரைக்கிலோ பட்டு

போளூரிலிருந்து ஒரு டீச்சரம்மா, மகளோடு வந்திருந்தார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் முகூர்த்தப் புடவையை எடுத்துவிட வேண்டும் என்று அவசரம். எனக்கோ விரல் வீங்கி மூன்றாம் நாள். சம்மணம் போட முடியவில்லை. மெத்தை மேல் விரித்த வெள்ளைத் துணிக்கு அடியில் வலது காலை நீட்டி ஒளித்து வைத்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் வியாபாரம் செய்துகொண்டிருந்தேன்.

மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்கு பார்டர், நல்ல ஜரிகை. அந்தப் புடவையை எடுத்துப் போட்டதும் கல்யாணப் பெண் அதன் முந்தியை விடவே இல்லை. டீச்சரம்மா மட்டும், "மஞ்சள்ல நெறைய இருக்கு, வேணாம்" என்று அதை வாங்கி மடித்து இந்தப் பக்கம் வீசினார். அது நேராக வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்த என் கட்டைவிரல் மேல் விழுந்தது. பட்டுப்புடவை அரைக்கிலோதான் இருக்கும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும், இந்த வலியில் போர்வை பட்டாலே உயிர் போகும். நான் போட்ட கூச்சலில் எதிர் மெத்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். டீச்சரம்மா மகளின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டே சொன்னார்: "பிடிக்கலன்னா பிடிக்கலன்னுதானேங்க சொல்ல முடியும்? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இப்படியா அலறுவீங்க?"

முதலாளியின் சட்டம்

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. முகூர்த்தப் புடவையை நின்றுகொண்டு காட்டக் கூடாது, காலை நீட்டிக்கொண்டும் காட்டக் கூடாது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதலாளியின் அப்பா போட்ட சட்டம் இது. டீச்சரம்மா படி இறங்கியதும் முதலாளி வந்து வெள்ளைத் துணியைத் தூக்கிப் பார்த்தார். விரலைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. திட்டவில்லை. "பூபாலா, ஆடி முழுக்க ஒனக்கு டைம். ஆவணி மொத முகூர்த்தத்துக்குப் பார்ட்டி வரும்போது நீ சம்மணம் போட்டு ஒக்காரணும். முடியலன்னா பேக்கிங்குக்குப் போயிடு, அங்க ஸ்டூல் இருக்கு" என்றார்.

நியாயமாகத்தான் பேசினார். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தோளில் முந்தியைப் போட்டுக் காட்டி எத்தனை கல்யாணப் பெண்களைச் சிரிக்க வைத்திருப்பேன். இனிமேல் அட்டைப்பெட்டியை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா? பேக்கிங் மேஜையில் இருக்கும் ஏகாம்பரம் ஆறுதல் சொல்வான் என்று அங்கே போனேன். அவன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, இங்க மட்டும் வந்துடாதீங்க. இருக்கறது ஒரே ஃபேன், அதுவும் என் பக்கம்தான் திரும்பும்."

பாயா வைத்தியம்

ரத்தம் கொடுத்துப் பார்த்தால் யூரிக் ஆசிட் எட்டு புள்ளி நாலு. டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வலி வந்ததுலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். காலில் வலி என்றால் கால் பலவீனமாகி இருக்கிறது என்று அர்த்தம். பலத்துக்கு ஆட்டுக்கால் பாயாவை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதனால் மூன்று நாளாகக் காலையில் பாயா. மத்தியானம் இரும்புச்சத்துக்கு ஈரல் வறுவல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரியாணி, அது பலத்துக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்காக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வியாதியை நான்தான் ஊட்டி வளர்த்திருக்கிறேன் என்று புரிய வைக்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. வலிக்கு ஐந்து நாள் மாத்திரை எழுதினார். ஈரல், பாயா, கருவாடு, பீர், பாட்டிலில் வருகிற இனிப்புத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் தடை. நிறையத் தண்ணீர் குடி, வீக்கம் வடிந்ததும் நட, தொப்பையைக் குறை, ஆடி முடிந்ததும் மறுபடி ரத்தம் கொடு என்றார். நான் நொண்டிக்கொண்டே கதவுவரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "ஏங்க, ஆடு நாலு காலக் குடுத்தும் உங்க ஒரு காலு நல்லாவலியே, அப்பவாவது யோசிக்க வேணாமா?"

கால்கிலோ செர்ரி

புடவைக் கடையில் செருப்பு போடக் கூடாது. அதனால் என் விரல் ஊருக்கே பொதுச்சொத்து. பார்த்தவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். முடக்கத்தான் கீரை தோசை சாப்பிடு, கொள்ளு ரசம் குடி, நெல்லிக்காயை மென்றுகொண்டே இரு, வெந்நீரில் காலை வை, வெந்நீரில் மட்டும் காலை வைக்காதே. புடவை வாங்கினார்களோ இல்லையோ, வைத்தியம் சொல்லாமல் ஒருவரும் போனதில்லை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா, "எனக்கும் இதே பேஜார்தான் இருந்தது. தெனம் செர்ரி சாப்பிட்டேன், இப்ப தேவலாம்" என்றார். படித்தவர், கண்ணாடி வேறு போட்டிருந்தார். நம்பிவிட்டேன்.

ஆரணியில் எனக்குத் தெரிந்த செர்ரி ஒன்றுதான். பேக்கரியில் கேக்கு மேலே சிவப்பாக உட்கார்ந்திருக்குமே, அது. தினமும் கால்கிலோ. எட்டு நாள். சட்டைப் பையில் பொட்டலம் வைத்துக்கொண்டு, பார்ட்டி இல்லாத நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டே இருந்தேன். நாக்கு ரத்தக்காட்டேரி மாதிரி சிவந்தது. பையில் எறும்பு ஏறி வெள்ளைத் துணிவரை ஊர்வலம் போனது. விரல் மட்டும் இறங்கவே இல்லை. ஒன்பதாவது நாள் போய், "நல்ல பழமா குடுங்க, இது வேலை செய்யல, காலு வலி கொறையல" என்று சண்டைக்கு நின்றேன். பேக்கரிக்காரர் பாவம், கையில் இருந்த தராசை அப்படியே வைத்துவிட்டார். "காலு வலிக்கா? இது களாக்காய சக்கரப் பாகுல ஊறவெச்சு சாயம் போட்டதுண்ணே. நீங்க கேக் கடை வெக்கப் போறீங்கன்னு இல்ல நான் நெனச்சிகினு இருந்தேன்."

உள்ளே போய்விட்டு வருகிறேன்

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரி செல்வி வைத்தியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். காலையில் முடக்கத்தான் தோசை, மத்தியானம் சோறு பாதி காய்கறி பாதி, சாயங்காலம் சர்க்கரை இல்லாத காபி. கடைக்குக் கிளம்பும்போது மூன்று பாட்டில் தண்ணீரைப் பையில் வைத்து, "காலி பாட்டிலத்தான் நான் பாக்கணும்" என்று அனுப்புவாள். குடித்தேன். குடித்த தண்ணீர் உள்ளேயே இருக்குமா? அரை மணிக்கு ஒரு தடவை, "ஒரு நிமிஷம், உள்ள போயிட்டு வந்துடறேன்" என்று பார்ட்டியிடம் சொல்லிவிட்டு ஓட வேண்டியிருந்தது.

செய்யாற்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் விலையில் கெட்டி. அவர் பேரம் பேசும்போதெல்லாம் எனக்கு அவசரம் வந்தது. ஒவ்வொரு தடவையும் போய் நிம்மதியாகத் திரும்பி வந்தேன். மனசு லேசாக இருந்ததில், கேட்டதில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தேன். நான் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் விலை படிந்து, பில் போடுகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எனக்காக ஜல்தியா இன்னொரு தடவ உள்ள போயிட்டு வந்துடு, இன்னும் கொஞ்சம் கொறையும்."

ஆடி மூன்றாவது ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது. விடியற்காலையில் கோட்டை மைதானத்தை நான்கு சுற்று நடக்கிறேன். எடை இரண்டரைக் கிலோ குறைந்தது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நான் குணமாகிவிட்டேன் என்று எனக்கே ஒரு இறுமாப்பு. அந்த நேரம் பார்த்து எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழுக்கு எந்தத் தடையும் இல்லை. முருங்கைக்கீரைக்கும் தடை இல்லை. பக்கத்திலேயே ஒரு அண்டாவில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாங்காய் போட்டது. அந்த வாசனையில் நின்றுகொண்டு வேண்டாம் என்று சொல்ல நான் என்ன முனிவனா? செல்வி சாமி கும்பிடக் கண்ணை மூடியிருந்த நேரத்தில் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டேன். பிறகு அவள் பிரகாரம் சுற்றும்போது இன்னும் இரண்டு கரண்டி.

மறுநாள் காலையில் கட்டைவிரல் என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டது. சிவந்து, சூடாகி, விண்விண் என்று தெறித்தது. ஆவணி பிறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மெத்தை போய்விட்டது என்றே முடிவு செய்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பயத்தில் அம்மன் மேல்கூடப் பழி போட்டேன், "கோயில்ல ஊத்துனதுதானே, இப்படி ஆவலாமா" என்று. செல்வி பழைய துணியில் ஐஸைச் சுற்றி விரல் மேல் வைத்தாள். வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "அம்மனுக்கு ஊத்துனது கூழுங்க. கருவாடு நீங்களா ஊத்திக்கினது."

ஏழு புள்ளி ஒன்று

அந்தப் பன்னிரண்டு நாள் நான் இருந்த ஒழுக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு இருந்திருந்தால் எனக்கு இன்னும் பெரிய இடத்தில் பெண் கொடுத்திருப்பார்கள். கருவாட்டுக் கடை இருக்கிற தெருப்பக்கமே போகவில்லை. நல்லவேளை, இந்தத் தடவை வீக்கம் நான்கே நாளில் இறங்கிவிட்டது. கடைசி வாரம் தினமும் காலையில் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டுப் பழகினேன், முதல் நாள் இரண்டு நிமிஷம், கடைசி நாள் முக்கால் மணி. ரத்தப் பரிசோதனை ஏழு புள்ளி ஒன்று என்று வந்தது. எட்டிலிருந்து ஏழு. நான் காகிதத்தை முத்தமிடாத குறை. டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஜஸ்ட் பாஸுங்க. ஆறுக்குக் கீழ வரணும், வரலன்னா தெனம் மாத்திரதான், அப்ப மூஞ்சிய சுளிக்கக் கூடாது."

மறுபடியும் மாம்பழ மஞ்சள்

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு கடை திறந்ததும் முதல் பார்ட்டி. மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார், பேக்கிங் மேஜையிலிருந்து ஏகாம்பரம் பார்த்துக்கொண்டிருந்தான். படி ஏறி வந்தது யார்? போளூர் டீச்சரம்மாவும் மகளும். என்னைப் பார்த்ததும் டீச்சரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "நீங்க அன்னிக்கு அலறுனவர்தானே?" என்றார். பெண் அதற்குள் வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டு கடை பாத்துட்டோம் சார், எதுவும் பிடிக்காம ஆடியும் போயிடுச்சு. அந்த மஞ்சள் புடவை இருக்கா?"

இருந்தது. அலமாரியின் அடியில் நான்தான் போட்டு வைத்திருந்தேன். எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். பெண்ணின் முகம் மலர்ந்தது, அம்மாவின் முகம் வாடியது. "அலறல் விழுந்த புடவை, சகுனம் சரியில்ல" என்றார். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், பாயா, களாக்காய், கருவாடு உட்பட. டீச்சரம்மா சிரிக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு கேட்டுவிட்டு, "அப்படின்னா அன்னிக்கு மாதிரியே காலத் துணிக்கடியில வெச்சிக்குங்க" என்றார்.

காலை நீட்டினால் கடைச் சட்டம் போச்சு. நீட்டாவிட்டால் வியாபாரம் போச்சு. முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மேலே ஓடுகிற ஃபேனை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டினேன். டீச்சரம்மா புடவையை மடித்து, அன்றைக்கு வீசின அதே உயரத்திலிருந்து கட்டைவிரல் மேல் போட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வலி வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துணி மேல் ஒரு புடவை இருந்தது, அவ்வளவுதான். பட்டு எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அன்றைக்குத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். கண்ணைத் திறந்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது, சந்தோஷத்தில்தான். டீச்சரம்மா என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்: "அவரு கத்தலம்மா, சகுனம் சரியாயிடுச்சு. ஒன் மஞ்சளையே எடுத்துக்கோ."

இருபத்திரண்டு வருஷத்தில் என் வாயை நம்பிப் புடவை எடுத்தவர்கள் ஏராளம், கட்டைவிரலை நம்பி எடுத்தவர் இவர் ஒருவர்தான் என்பதால், அந்த விரலின் மரியாதையைக் காப்பாற்ற இன்றைக்கும் பாயாக் கடை வந்தால் சாலையின் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறேன்.