சக்கரக் கல்லும் நானும்

என்னுடைய பத்தாவது வயதில் சில மாதங்கள் நான் ஒரு டிராக்டருக்கு எடையாக இருந்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அப்போது நான் அப்படியொரு நோஞ்சான். ஐந்தருவியில் குளிக்கப் போனால் தண்ணீர் என்னை அடித்துக்கொண்டு போய்விடும் என்று அம்மா என் ஜடையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் அருவிக்குக் கீழே விடுவாள்.

டிராக்டரும் ஒன்றும் பெரியதில்லை. தென்னைகளுக்கு நடுவே புகுந்து புறப்படுகிற குட்டி டிராக்டர். பெரிய டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அது பெற்ற பிள்ளை போல இருக்கும். ராயகிரிப் பக்கம் ஒருவர் வைத்திருந்ததை அப்பா பழசாக வாங்கினார். விற்றவரே அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து எங்கள் வாசலில் இறக்கினார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தார். "எல்லாம் நல்லாருக்கு அண்ணாச்சி. பின்னால மட்டும் கனம் பத்தாது. மேட்டுல ஏத்தும்போது மட்கார்டுல யாரையாவது உக்கார வச்சுக்கிடுங்க."

விற்றபிறகு சொல்கிறாரே என்று அப்பாவுக்கு எரிச்சல். அம்மாவோ அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். மறுநாளே என் தலையைச் சீவிவிட்டு, "ஏட்டி, அப்பா கூடப் போ. வண்டிக்கு வெயிட்டு வேணும்லா" என்று அனுப்பிவைத்தாள்.

எடைதான் வேண்டுமென்றால் வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. குற்றால சீசன் நடக்கிற மாதங்களில் ஐந்தருவியில் துண்டும் எண்ணெயும் பிளாஸ்டிக் வாளியும் விற்பார்; மீதி நாட்களில் எங்கள் வீட்டில் ஓய்வெடுப்பார். அவர் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் அகலும். அவரை விட்டுவிட்டு அம்மா என்னை ஏன் அனுப்புகிறாள் என்று நான் கேட்கவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது. மாமா செய்ய வேண்டிய வேலையை நான் செய்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் வீடு ஐந்தருவிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தோப்பின் ஓரத்தில் இருந்தது. தோப்புக்கு இரண்டு அடுக்கு. கீழே தென்னை, மேலே செம்மண் நிலம். இரண்டுக்கும் நடுவே ஒரு மண்பாதை செங்குத்தாக ஏறும். பாதையின் ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் ஓடை. ஓடையின் விளிம்பில் ஒற்றைத் தென்னை ஒன்று சாய்ந்து நிற்கும். நான் இடது மட்கார்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்வேன். வண்டி அந்தப் பாதையில் ஊர்ந்து ஊர்ந்து ஏறும். அப்பா பைக்கை எடுத்தால் தெருநாய்கள் எழுந்து ஓரமாகப் போய்விடும். அப்படி ஓட்டுகிறவர் இங்கே மட்டும் எறும்பு மாதிரி போகிறாரே என்று எனக்குத் தோன்றவில்லை. டிராக்டர் என்றாலே மெதுவாகத்தான் போகும் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே சாரல் வந்துவிட்டது. மேல்நிலத்தில் வாழை வைப்பதற்காகக் கன்றுகளை இறக்கி நிழலில் போட்டிருந்தார்கள். அவை காய்ந்து போவதற்குள் உழுதாக வேண்டும். ஒரு காலையில் பாதி மேட்டில் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. செம்மண் குழம்பு என் கால்மேல் தெறித்தது. நான் சிரித்தேன். பிறகு வண்டி பின்னோக்கி வழுக்கியது. வழுக்கிக்கொண்டே ஓடைப் பக்கம் திரும்பியது. எனக்குக் கீழே பாதையைக் காணோம், தண்ணீர் தெரிந்தது. எதன்மேலோ மோதி நின்றோம். அந்த ஒற்றைத் தென்னை.

அப்பா எஞ்சினை நிறுத்தினார். அவர் இடது கை என் புஜத்தைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. வெகுநேரம் விடவில்லை. வலிக்கிறது என்று சொல்லப் பயமாக இருந்தது. பிறகு என்னை இறக்கிவிட்டு, தான் மட்டும் வண்டியை முன்னும் பின்னும் உலுக்கி எடுத்துக் கீழே கொண்டுவந்தார். வீடு தெரிகிற இடத்துக்கு வந்ததும் நின்று, "அம்மாட்ட சொல்லாத மக்கா" என்றார். என் அப்பா என்னிடம் கெஞ்சுவது போல ஒன்றைச் சொன்னது அதுதான் முதல்தடவை. அது எனக்கு வழுக்கியதைவிடப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

அன்று மத்தியானமே அப்பா சக்கரத்துக்குக் கல் செய்ய உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தின் நடுத்தட்டில் உள்ள துளைகளைக் காலண்டர் அட்டையில் அளவெடுத்துக் குறித்தார். அந்த அட்டையைப் பார்த்து நீள போல்ட்டுகளை நிறுத்தி, சுற்றிலும் காங்கிரீட் ஊற்றி இறுகவிட்டால் வட்டக் கல் கிடைக்கும். அதைச் சக்கரத்தின் வெளிப்பக்கக் குழிவில் வைத்து முடுக்கிவிட்டால் பின்பக்கத்துக்குக் கனம் கிடைக்கும். குளியலறை கட்டியதில் மிஞ்சிய சிமெண்ட்டும் ஜல்லியும் இருந்தன. வட்டமான அச்சுக்குத்தான் வழியில்லை. அம்மா துணி அலசும் சிவப்புப் பேசினும் நீலப் பேசினும் கண்ணில் பட்டன. கேட்காமல் எடுத்தார்.

அருவியில் இன்னும் கூட்டம் சேரவில்லை என்று கடை போடாமல் இருந்த மாமா உதவிக்கு வந்தார். அவர் உதவி பெரும்பாலும் நேரம் பார்த்துச் சொல்வது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காங்கிரீட்டைக் குழைத்து முடித்த சமயம் பார்த்து, "அத்தான், நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஊத்திருங்க, இல்லன்னா ஆறு மணிக்கு மேலதான்" என்றார். குழைத்ததை ஆறு மணிவரை வைத்திருந்தால் அது வாளிக்குள்ளேயே கல்லாகிவிடும். அப்பாவுக்கு ராகுவிடம் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் காலையில் நடந்ததற்குப் பிறகு, எந்தக் கிரகத்தோடும் வம்பு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. இருவரும் அள்ளிப் போட்டார்கள். கல் ஒட்டாமலிருக்கச் சிவப்புப் பேசினுக்கு உள்ளே கழிவு எண்ணெய் தடவியிருந்தது. நீலத்துக்குத் தடவ மறந்துபோனது.

அம்மா வந்து நின்றாள். பேசின்களைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. "எதுக்கு இப்படி அரக்கப்பரக்கச் செய்யுதிய? சாரல் விட்ட பொறவு ஊத்துனா ஆவாதா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா "சும்மாதான்" என்றார். அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன், அப்பாவின் விரல்தடம் தெரியாமலிருக்க.

"வண்டி நல்லாத்தான ஏறுது?"

"ஏறுதும்மா."

அதற்குமேல் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவள் கேட்கவில்லை.

கல் நன்றாக இறுக ஒரு வாரமாவது வேண்டும் என்றார்கள். பேசின்கள்மேல் தார்ப்பாயைக் கட்டி, சாரல் உள்ளே அடிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ச் சாரல் நேராக விழாது. காற்று எந்தப் பக்கம் கூப்பிடுகிறதோ அந்தப் பக்கம் போகும். நான் குடையோடு பேசின்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கல் கெட்டுப்போனால் அப்பா ஓடைக்குள் போய்விடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் அப்பா காத்திருக்கவில்லை. வாழைக்கன்று காத்திருக்காதே. மறுநாள் காலையில் என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். அம்மா வாசலுக்கு ஓடிவந்து, "அவள ஏத்தலையா?" என்றாள்.

"புள்ள நனைவா."

"நேத்து நனையலையாக்கும்?"

அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தபோதே வழுக்கிய வண்டி, நான் இல்லாமல் என்ன ஆகும்? நான் கொஞ்சம் கனமாக இருந்திருந்தால் அன்றைக்கு வழுக்கியிருக்காது. அதனால்தான் அப்பா என்னைக் கழித்துவிட்டார் என்று ஒரு கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து சாப்பிட ஆரம்பித்தேன். இரண்டு இட்லிக்கே மூக்கால் அழுகிறவள் ஐந்து இட்லி தின்றேன். தொண்டைவரை நின்றாலும் இன்னொன்று என்று தட்டை நீட்டினேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இலஞ்சி முருகனிடம் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

தோப்பிலிருந்து வரும் டிராக்டர் சத்தம் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். சத்தம் இருக்கிறவரை நான் குடையோடு நிற்பேன். மேட்டில் ஏறும்போது அது உறுமும். அப்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நான் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். ஒருநாள் அது மேட்டின் நடுவில் உறுமி, சட்டென்று நின்றது. திரும்ப வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா துவைகல்லுக்குப் பக்கத்தில் நனைந்த துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். அவள் துணியைக் கீழே போட்டாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். செருப்பு போடவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

அப்பா பாதையில் குத்தவைத்து டீசல் குழாயை ஊதிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் டீசல். "என்ன, ரெண்டு பேரும்?" என்றார்.

"குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றாள் அம்மா. அவள் கையில் செம்புமில்லை, டம்ளருமில்லை.

அப்பா வேண்டாம் என்றார். அம்மா உடனே திரும்பவில்லை. ஓடை விளிம்பில் நின்ற ஒற்றைத் தென்னையைப் பார்த்தாள். அதன் அடியில் ஒரு பக்கம் தோல் உரிந்து, வண்டியின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வீடு வரும்வரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கற்கள் ஒருவழியாக இறுகின. சிவப்புப் பேசின் கவிழ்த்ததும் கழன்றது. நீலம் கழலவே இல்லை. மாமா தட்டிப் பார்த்தார், வெந்நீர் ஊற்றிப் பார்த்தார், கடைசியில் ரம்பத்தால் அறுத்து எடுத்தார். அந்தக் கல்லின்மேல் நீலப் பிளாஸ்டிக் அங்கங்கே ஒட்டிக்கொண்டே இருந்தது. அப்பாவும் மாமாவும் மூச்சு வாங்க உருட்டிக்கொண்டு போய் ஆளுக்கொன்றாகத் தூக்கி வைத்து முடுக்கினார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக, கனமாக, அசையாமல் இருந்தது. இனி அப்பா ஓடைக்குள் போகமாட்டார். நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. இனி நான் வண்டிக்குத் தேவையில்லை.

முதல்நாள் கல்லோடு அப்பா மேட்டில் ஏறியதை மறக்க முடியாது. எங்கள் தோப்பிலிருந்து அப்படியொரு சத்தம் அதுவரை வந்ததில்லை. ஊர்ந்து ஏறிய வண்டி ஒரே மூச்சில் ஏறியது, மேலே போனதும் திரும்பி அதே வேகத்தில் இறங்கியது, திரும்பவும் ஏறியது. அப்பா உற்சாகத்தில் கூவியதும் கேட்டது. மாமா கைதட்டினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "இனி எந்த மேட்டுலயும் ஏத்தலாம்" என்றார்.

அம்மா உள்ளே போய் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள். மறுநாள் காலையில் என் தலையைச் சீவி, குடையை என் கையில் கொடுத்து, வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவளையும் கூட்டிட்டுப் போங்க."

"அதான் கல்லு மாட்டியாச்சே."

"கல்லு இருக்கட்டும்."

அப்பா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டியில ஏத்த மாட்டேன்" என்றார். குரல் தணிந்திருந்தது.

"நான் ஏத்தச் சொல்லலையே" என்றாள் அம்மா. "மேல வரப்புல உக்காந்திருக்கட்டும். உங்க கண்ணுல படுத இடத்துல இருந்தாப் போதும்."

அப்பா ஸ்டியரிங்கைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். பிறகு தலையாட்டினார். அம்மா உள்ளே போய்விட்டாள். அந்தத் தென்னையைப் பற்றி யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

நான் முன்னால் நடந்து, மேல்நிலத்து வரப்பில் குடையை விரித்து உட்கார்ந்தேன். கீழே மேட்டில் வண்டி வந்தது. அத்தனை கனமான கல்லைக் கட்டிக்கொண்டும் பழையபடி ஊர்ந்து ஊர்ந்துதான் வந்தது. அப்பா திருப்பத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒவ்வொரு உழவுச் சாலும் முடிந்து திரும்பும்போதெல்லாம் பார்த்தார். நேற்று அப்படிப் பறந்தவருக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. கல் போதவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் இத்தனை தூரத்தில் வரப்பில் உட்கார்ந்திருக்கிற எடையால் வண்டிக்கு என்ன பயன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்று இருந்தேன், மறந்துபோனேன். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் காலையில் ஆறாவது இட்லியையும் தின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.