ஐம்பத்தாறு கடற்கரைகள்

கல்முனையில் ஒரு மருத்துவ ஆய்வுப் பிரிவில் புள்ளிவிவரக் கணக்குப் பார்ப்பவள் றெஜிதா. எண்களைக் கண்டால் அவற்றில் அவளுக்கு ஆட்கள் தெரிவார்கள். வேலைக்கு நடுவே கனவு காண்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அவள் கணவன் அஜந் கொழும்பு பஸ் ஓட்டியவன். இடது காலில் ஆறாத ஓர் அபூர்வப் புண் வந்ததிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் வீட்டில் இருக்கிறான். கரையோர ஊர்களைச் சல்லடை போட்டுத் தேடியும் அந்த நோய்க்காரர் எட்டுப் பேர்தான் அகப்பட்டார்கள். சீட்டுக் குலுக்கி நால்வருக்குப் புதிய களிம்பு, நால்வருக்குப் பழையது கொடுத்தார்கள். அஜந்துக்கு விழுந்தது பழையது. புதியதில் மூவருக்குப் புண் ஆறியது. பழையதில் ஒருவருக்கும் இல்லை. புதியது நல்லதென்று உறுதியானால் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும்.

வழக்கமான சோதனையைக் கணினியில் போட்டாள். தற்செயலாக இப்படி நடக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்புக்கூட இல்லை என்றது. அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை. அன்றே அஜந்திடம் சொன்னாள். மறுநாள் வட்டிலப்பம் என்ற இனிப்பை வாங்கி அலுவலகம் முழுக்கப் பங்கிட்டாள். ஆட்கள் மிகக் குறைவு என்று விடைக்குக் கீழே கணினி எச்சரித்ததை, சந்தோஷத்தில் கண்டும் காணாமல் விட்டிருந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! எதுக்கும், ஆக்கள் குறைவெண்டாப் பாக்கிற துல்லியச் சோதனையையும் ஒருக்காப் பாருங்க மிஸ்" என்றார் இரண்டாவது துண்டை எடுத்த டொக்டர் றஸ்மி.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். கடைகள் பூட்டி, தெரு ஓய்ந்து, கடல் இரைவது மட்டும் கேட்டது. துல்லியச் சோதனைக்குச் சுருக்குவழி இல்லை. நடக்கக்கூடிய அத்தனையையும் எண்ண வேண்டும். களிம்பால் ஒரு பயனுமில்லை என்றே வைத்துக்கொண்டாள். எட்டுப் பேரில் புண் ஆறும் மூவர் யார் யாராக இருக்கலாம்? ஐம்பத்தாறு விதம். கண்ணைப் பாதி மூடினாள். ஐம்பத்தாறு கடற்கரைகள் விரிந்தன. ஒவ்வொன்றிலும் மூவர் எழுந்து ஈர மணலில் நடந்தார்கள். இருபத்தொரு கரைகளில் அஜந் நடந்தான், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நுரையில் கால் நனைய. அங்கேயே இருந்துவிட அவளுக்கு ஆசையாக இருந்தது.

மூவரும் ஒரே களிம்புப் பக்கத்தவராக நடந்த கரைகளை எண்ணினாள். எட்டு. ஐம்பத்தாறில் எட்டு என்றால் ஏழில் ஒன்று. வெறும் அதிர்ஷ்டத்தாலேயே இப்படி நடந்திருக்கலாம்.

வீட்டில் அஜந் காலை ஸ்டூலில் நீட்டியிருந்தான்.

"நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டன். அது இன்னும் நிச்சயமில்ல" என்றாள்.

"அப்ப அந்த மருந்து சரிவராதா?"

"வரும் எண்டும் சொல்லேலா, வராது எண்டும் சொல்லேலா. எட்டுப் பேர் காணாது. இன்னும் ஆக்கள் வேணும், அதுவரைக்கும் ஆய்வு நடக்கும்."

கொழும்பில் அந்தப் புதிய களிம்பைக் காசு கொடுத்து வாங்கலாம். வாங்கினால் ஆய்விலிருந்து விலக வேண்டும். இருவருக்கும் அது தெரியும். 'விலகுங்க' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான் விலகினா எங்கட பக்கம் மூணு பேராயிரும், என்ன?"

"ஓம்."

"அப்ப இருக்கன்."

அவள் குனிந்து காலின் கட்டுத்துணியை அவிழ்த்தாள். கண்ணீர் புண்ணில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பழைய மருந்தையே பூசினாள்.