ஜீடிமெட்லாவிலிருந்து கிளம்பிய குப்பை

எங்கள் இணைய நிறுவனம் சின்னது. ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு மாடி அலுவலகம். சுற்றுவட்டாரத்து வீடுகளும் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் சில தொழிற்சாலைகளும் வாடிக்கையாளர்கள். நெட்வொர்க் என் பொறுப்பு. ஸ்பாம் என்கிற குப்பை மெயில் வந்தால் நீங்கள் அழித்துவிட்டுப் போய்விடலாம். அதைச் சுமக்கிற எங்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

ஒரு வாரம் ஸ்பாம் வெள்ளமாக வெளியே போனது. எல்லாம் ஒரே மருந்துத் தொழிற்சாலையிலிருந்து. வெளியுலக மெயில் சர்வர்கள் எங்கள் முகவரிகளை மொத்தமாகத் தடை செய்துவிட்டன. அல்வாலில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தும், எங்கள் வாடிக்கையாளரான ஓர் அக்கா போன் செய்தார். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர்; இந்த ஊர் உருது கலந்து, 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பார்.

"கைக்கும்மா என் ரிப்போர்ட்டெல்லாம் திரும்பி வருது? வாட்ஸப்ல அனுப்பினா ஆஸ்பத்திரில நக்கோங்கறான், மெயில்தான் வேணுமாம். பேஷண்டுங்க அங்க காத்துக் கெடக்காங்க."

உடனே தொழிற்சாலைக்குப் போனேன். தரச் சோதனை அறையின் கணினியில் வைரஸ் புகுந்து ஸ்பாமை அனுப்பிக்கொண்டிருந்தது. தொடவே விடவில்லை. அரசு மருந்து ஆய்வாளர்கள் ஒப்புதல் கொடுத்த கணினியில் எதை மாற்றினாலும் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். வைரஸும் ஒப்புதல் வாங்கியதுபோல் சுகமாக உட்கார்ந்திருந்தது. இன்டர்நெட் வயரையாவது பிடுங்குங்கள் என்றேன். அதற்கும் மேலிடம் சம்மதிக்க வேண்டும் என்றார் மேலாளர். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அலுவலகம் திரும்பி, தொழிற்சாலையின் லைனைத் துண்டித்துவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் திருநெல்வேலிக்காரர். "பெரிய கஸ்டமர்லா அவன்? லைனைத் துண்டிச்சா போயிருவாம்மா. கூடக் கொஞ்சம் பேண்ட்வித் வாங்கிப் போட்டுருவோம்."

"குப்பைக்கு ரோட்டை அகலப்படுத்தவா சார் நாம இருக்கோம்? இன்னும் குப்பைதான் போகும். தடை போகாது."

எழுந்து வந்து தொழிற்சாலையின் இணைப்பைத் துண்டித்தேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. தடை செய்தவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினேன். பதில் போடாதவர்களை விடாமல் நச்சரித்தேன்.

முதலாளி பயந்தபடியே தொழிற்சாலை வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது. அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். ஆனால் தடை விலகியது. அக்காவின் ரிப்போர்ட்டுகள் போய்ச் சேர்ந்தன.

கொஞ்ச நாளில் அந்த வேறு நிறுவனத்தின் பொறியாளர் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான். தங்கள் வாடிக்கையாளர்களின் மெயிலெல்லாம் திரும்பி வருகிறது, ஏதாவது தெரியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பாவமாக இருந்தது. அந்தக் கணினியின் கதையைச் சொன்னேன்.

"லைனைத் துண்டிக்க எங்க முதலாளி ஒத்துக்க மாட்டாருங்களே" என்றார்.

"என் முதலாளியும் ஒத்துக்கலை" என்றேன். "நீங்க துண்டிங்க."