ஞாயிற்றுக்கிழமை கேம்ஷாஃப்ட்

எங்கள் ஜீப்புக்கு, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மாட்டியாயிற்று. அதற்கேற்ற கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, எடுக்க இன்று நானும் மனைவியும் வேலூர் பட்டறைக்குப் போனோம். அவள் ஜவ்வாது மலையில் நர்ஸ்.

பந்தய வண்டிக்கான கேம்ஷாஃப்டைக் கையில் எடுத்த நான் கீழே வைக்கவே இல்லை.

அவள் மெக்கானிக்கிடம் கேட்டாள்: "கொண்டை ஊசி வளைவுல மெதுவா ஏர்றப்போ இது இழுக்குமா?"

"இழுக்காதும்மா. இது வேகமா ஓட்றதுக்கு. மலைக்கு இந்தச் சாதாதான் சரி. வால்வு ஸ்பிரிங்கு மட்டும் கெட்டியா போட்டுக்கணும். டர்போ காத்து அழுத்துனாலும் வால்வு மூடணும் இல்ல?"

"அதையே குடுங்க. புள்ளத்தாச்சிய ஏத்திக்கினு மலையில வர்றது நானு."

முடிந்தது. பந்தய கேம்ஷாஃப்டைத் துடைத்து வைத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம மட்டும் இத மாட்டிக்க முடியாதா?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். "அதுக்கு என்ஜினையே பிரிக்கணும்மா."

"பிரிக்கட்டும். ஞாயித்துக்கெழமல இவருக்கு வேற இன்னா வேல?"

இரண்டு கேம்ஷாஃப்டும் வீட்டுக்கு வந்துவிட்டன.

வாராவாரம் என்ஜின் பிரிக்கக் கை கொடுப்பவர்கள் எனக்கு ஒரு தபால் கார்டு போடுங்கள். களியும் கோழிக்குழம்பும் உண்டு.