அசல் ஸ்டீரியோவும் ஆரோக்கியம் மச்சானும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்த கையோடு பொன்மலையிலிருந்து பஸ் பிடித்து, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார் ஆரோக்கியம் மச்சான். என் மனைவியின் அண்ணன். கையில் ஒரு மஞ்சள் பை. முகம் சரியில்லை.

"வாங்க மச்சான். அக்கா வரலையா?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாம வந்திருக்கேன் மாப்ளே. கதவைச் சாத்துங்க."

என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். பைக்குள்ளிருந்து அவர் எடுத்து வைத்தது ஒரு வாக்மேன்! இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் வளையம் மாட்டிக்கொண்டு இப்போது காலேஜ் பையன்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார்களே... அதுதான்.

மச்சானுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. இரும்பை அடிக்கிற சத்தத்தில் வருஷக்கணக்காக நின்று, இடது காது சுத்தமாகப் போய்விட்டது. மிச்சமிருப்பது வலது காது. அவரோடு பேச வேண்டுமென்றால் நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வோம். ஒரே மகள் ஸ்டெல்லா டெல்லியில் நர்ஸ். அங்கே கோயில் பாடகர் குழுவில் பாடுகிறாள். யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்த அசல் ஜப்பான் வாக்மேனை வாங்கி, தான் பாடிய கேசட்டையும் கூட வைத்து, அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"உங்க அக்கா கேட்டுட்டு அழுவுறா மாப்ளே. என்னமா பாடுது புள்ளைங்கிறா. நான் மாட்டுனா... ஆர்மோனியம் கேக்குது. புள்ள கொரலு கேக்கல. கிணத்துக்குள்ள யாரோ மொனகுற மாதிரி இருக்கு."

"வால்யூம் கூட்டிப் பாத்தீங்களா?"

"கூட்டுனா ஆர்மோனியம்தான் காதைப் பொளக்குது."

அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"எடது காது போனப்பவும் இப்படித்தான். முதல்ல பொம்பளைங்க கொரலுதான் போச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா மத்ததும் போச்சு. இதுவும் போயிருச்சுன்னா வேலை கெடக்கட்டும் விடுங்க... ஸ்டெல்லா லீவுல வந்து அப்பான்னு கூப்பிட்டா, அவ வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

வளையத்தை வாங்கி மாட்டிக் கேட்டேன். ஸ்டெல்லா கணீரென்று பாடினாள். அதை எப்படி அவரிடம் சொல்வது?

"செட்டுலதான் ஏதோ கோளாறு மச்சான். வாங்க, கடையில காட்டலாம்" என்று ஒரு பொய்யைச் சொல்லிச் செருப்பை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் காது டாக்டர் இருக்கப்போகிறார்? திங்கட்கிழமை வரைக்கும் மனிதரை எப்படியாவது சமாளிக்க வேண்டுமே.

கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை உண்டு. கேசட், கால்குலேட்டர், கைக்கடிகாரம் எல்லாம் விற்பார்கள். கடைக்காரருக்கும் எனக்கும் ஆகாது. அவர் சரக்கின் அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நான் உரக்கப் படித்து அர்த்தம் கேட்பேன். அவருக்குப் பிடிக்காது.

என் கோபம் பழைய கோபம். எழுபதுகளில் ஒரு ரேடியோ வாங்கினேன். நெற்றியிலேயே 'எட்டு டிரான்சிஸ்டர்' என்று பெருமையாக எழுதியிருந்தது. ரிப்பேருக்குத் திறந்தபோது பார்த்தால், அதில் இரண்டு எந்த வேலையும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தன — கல்யாண வீட்டில் சாப்பிட மட்டும் வந்தவர்கள் மாதிரி. எண்ணிக்கைக்காக வைத்ததாம்! அன்றையிலிருந்து அட்டைப்பெட்டி வாசகம் எதையும் நான் நம்புவதில்லை.

கடைக்காரர் மச்சானின் வாக்மேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல ஈக்வலைசரே இல்லீங்களே சார். பழைய மாடல். இதைப் பாருங்க... ஃபுல் ஸ்டீரியோ. சூப்பர் பாஸ். மெட்டல். ஆன்டி ரோலிங்."

"ஆன்டி ரோலிங்னா என்னங்க?"

"கீழ உருண்டாலும் ஒண்ணும் ஆவாது சார்."

"மெட்டல்? முழுக்க பிளாஸ்டிக்கா இருக்கே?"

"சவுண்டு மெட்டல் சார்."

நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள், மச்சானின் கேசட்டை அதில் போட்டு, வளையத்தை அவர் தலையில் மாட்டிவிட்டார். மச்சான் அப்படியே நின்றார். கண் விரிந்தது. வாய் திறந்தது.

"ஸ்டெல்லா!"

காதில் மாட்டிக்கொண்டு கத்தினால் எவ்வளவு சத்தமாக வரும் என்று உங்களுக்குத் தெரியும். துளசி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாடுறா மாப்ளே! நல்லா கேக்குது! பாடுறா!" பொலபொலவென்று கண்ணீர். மறுபேச்சில்லாமல் அங்கேயே வாங்கினோம்.

எனக்கு மட்டும் மண்டை குடைந்தது. அசல் ஜப்பானில் கேட்காத குரல் இந்த ஆன்டி உருளலில் எப்படிக் கேட்கும்? வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காதாக மாட்டிப் பார்த்தேன். அசலில் இடது காதில் ஸ்டெல்லா. வலது காதில் ஆர்மோனியம்!

விஷயம் இவ்வளவுதான். டெல்லியில் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒன்று இவள் முன்னால், ஒன்று ஆர்மோனியத்தின் முன்னால். அசல் ஸ்டீரியோ அந்த இரண்டையும் கலக்காமல், ஒன்றை இந்தக் காதுக்கும் மற்றதை அந்தக் காதுக்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பாவம், ஸ்டெல்லா இத்தனை நாளும் செத்துப்போன காதில் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அசல் வாக்மேனின் வளையத்தை வலது இடதாக மாற்றி மச்சானுக்கு மாட்டினேன். குரல் வந்தது. ஆர்மோனியம் போனது.

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்லை மச்சான். கல்லு மாதிரி இருக்கு."

"மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

சரி, புதியது? இரண்டு காதிலும் ஒரே சத்தம். குரலும் ஆர்மோனியமும் ஒன்றாகக் குழைந்து வந்தன. ஈக்வலைசர் என்று மூன்று குமிழ் இருந்தது. மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டீரியோவாவது மண்ணாங்கட்டியாவது! விடுவேனா? மச்சானையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் முகம் வெளுத்தது.

"கோவிச்சுக்காதீங்க சார். மாத்தித் தந்துடறேன். அசல் ஸ்டீரியோவே தர்றேன்."

மச்சான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஐயா சாமி, அசலெல்லாம் வேணாங்க. இந்தப் பொய்யே இருக்கட்டும். எனக்கு ஒரு காதுதாங்க. எம்பொண்ணும் ஆர்மோனியமும் அந்த ஒரு காதுலயே வரணும்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. மச்சான் பொறுமையாக விளக்கினார். அவரும் ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நேற்று அந்தப் பக்கமாகப் போனேன். கடை வாசலில் புதிதாக ஓர் அட்டை தொங்குகிறது. 'சிங்கிள் இயர் சூப்பர் ஸ்டீரியோ — ஒரே காதில் முழுப் பாட்டு!'

முதல் வரி வழக்கம்போல் புளுகு. இரண்டாவது வரி சத்தியமான உண்மை. சந்தேகமிருந்தால் ஆரோக்கியம் மச்சானைக் கேளுங்கள்... வலது பக்கமாக நின்று!