முன்னால் போவதற்கு ஒரு காரணம்

கீரமங்கலத்தில் எங்கள் ரேஷன் கடையில் வரிசையை முந்திப் போக ஒரே ஒரு வழி உண்டு. காரணம் சொல்ல வேண்டும். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பேராவூரணி பஸ் வந்துவிடும், மாமியாருக்கு ஊசி போடணும். எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். வரிசை அதைக் கேட்டு எடைபோடும். "நேத்தும் இதே பாலுதானடி பொங்குச்சு?" என்று யாராவது கேட்பார்கள். சிரிப்பு வரும். பிறகு விடுவார்கள், அல்லது விடமாட்டார்கள். அம்மா அந்த வரிசையில் பல வருடம் நின்றவள். சென்னைக்குப் பக்கத்திலிருக்கும் தீம் பார்க்குக்கு அவளை அழைத்துப் போனபோது எனக்கு இது ஞாபகம் வரவில்லை.

அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நான் பள்ளியில் சேருவதற்கு முன்பே போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மாத லீவில் வருவார். அந்த முறை லீவு முடிந்து திரும்பும்போது திருச்சியிலிருந்து டிக்கெட் கிடைக்கவில்லை. விமானம் சென்னையிலிருந்து. நான் சென்னையில் மென்பொருள் வேலையில் இருப்பதால் அப்பா, அம்மா, தங்கை மூவரும் இரண்டு நாள் முன்னதாகவே என் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இடையில் கிடைத்த ஒரு நாளுக்கு நான் பார்க் திட்டம் போட்டேன். அன்றைக்கு அப்பாவிடம், "போதும், வந்துவிடுங்கள்" என்று கேட்டுவிடவும் முடிவு செய்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் அதை நேராகக் கேட்டதில்லை.

பதினொன்றாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாக அதே பார்க்குக்குப் போயிருக்கிறேன். அப்போது வரிசை ஒன்றுதான். கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். பெரிய ராட்டினத்தில் ஏறியது எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. ஏறுவதற்கு நின்றபோது ஒரு தோழி தன் வீட்டில் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி முதன்முதலாகச் சொன்னதும், நாங்கள் முறுக்கை உடைத்து உடைத்துப் பங்கு வைத்ததும் தெளிவாக இருக்கின்றன.

இப்போது வாசல்கள் இரண்டு. கூடுதல் கட்டணம் கட்டினால் கையில் மஞ்சள் பட்டை கட்டிவிடுகிறார்கள். பட்டை இருப்பவர்களுக்குத் தனி வழி. வெயிலில் அம்மாவை நிற்கவைக்க வேண்டாம் என்று நான்கு பேருக்கும் வாங்கினேன். எந்த ராட்டினம் முதலில், எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று போனில் வரிசைப்படுத்தியும் வைத்திருந்தேன். திட்டம் மிக நன்றாக வேலை செய்தது. மதியத்துக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஏறினோம், இறங்கினோம், அடுத்ததற்கு நடந்தோம். அப்பாவிடம் பேசுவதற்கு இடைவெளியே கிடைக்கவில்லை.

நாங்கள் நடந்து வரும்போதெல்லாம் வாசலில் நிற்கும் ஊழியர் பொது வரிசையின் குறுக்கே சங்கிலியை மாட்டுவார். நாங்கள் நுழைந்ததும் எடுப்பார். வரிசை எங்கும் குறையவில்லை. நாங்கள் நிற்க வேண்டிய நேரத்தையும் சேர்த்து அவர்கள் நின்றார்கள். யாரும் திட்டவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. படகுச் சவாரி வாசலில் சங்கிலி விழுந்ததும் அவள் நின்றுவிட்டாள். பொது வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணிடம் திரும்பி, மொத்த வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க தாயி. எங்க வீட்டுக்காரரு நாளைக்கு சிங்கப்பூர் போறாரு. இனி ரெண்டு வருசம் ஆகும். அதான் முன்னாடி போறோம்."

தங்கை என் கையைக் கிள்ளினாள். "அக்கா, கூட்டிட்டுப் போ. மானம் போகுது."

"அம்மா, நம்ம பணம் கட்டியிருக்கோம். யாருகிட்டயும் கேக்க வேண்டாம்."

"பணம் கட்டுனா? அவுகளும் கட்டித்தானடி வந்திருக்காக?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "போங்கக்கா, தாராளமா போங்க." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "ஏண்ணே, இன்னும் எத்தனை தடவைதான் போவீங்க? அக்கா பாவமில்ல?"

"இந்தத் தடவையோட முடிஞ்சிரும்மா" என்றார் அப்பா.

"போன தடவையும் இதேதான் சொன்னாரு" என்று அம்மா வரிசையிடமே முறையிட்டாள்.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். படகில் அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மேலே தெறித்தபோதுகூட முகத்தைத் துடைக்கவில்லை.

நான் எழுதும் மென்பொருளிலும் வரிசைகள் உண்டு. அவசரமான வேலை என்று குறித்தால் அது மற்றவற்றை முந்திக்கொண்டு போகும். ஆனால் முந்துகிறவை வந்துகொண்டே இருந்தால், பின்னால் நிற்கும் ஒரு சாதாரண வேலை நடக்காமலே போய்விடும். அதனால் காத்திருக்கும் நேரம் ஏற ஏற அதன் முக்கியத்துவத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும்படி எழுதுவோம். படகு குலுங்கிக்கொண்டிருந்தபோது நான் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் வீடு கட்ட வேண்டியிருந்தது. பிறகு என் படிப்பு. பிறகு புயலில் விழுந்த தென்னைகளுக்குப் பதில் புதிய கன்றுகள். இப்போது தங்கையின் படிப்பு. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. அம்மா ஒவ்வொன்றையும் கேட்டு, சரி என்று வழிவிட்டிருந்தாள்.

கடைசியாக மிச்சமிருந்தது பெரிய ராட்டினம். மஞ்சள் பட்டை அதற்குச் செல்லாது என்பதை நான் கவனிக்கவில்லை. தங்கை சலித்துக்கொண்டாள். அம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது. எல்லோரோடும் போய் நின்றாள்.

வரிசை நகரவே இல்லை. கம்பியில் சாய்ந்து நின்ற அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, இவ படிப்பை நான் பாத்துக்கிறேன். நீங்க வந்துருங்கப்பா."

அவர் மேலே சுற்றும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பாத்துக்குவன்னு தெரியும்த்தா. காசுக்காக மட்டும் போகல." கம்பியிலிருந்து நிமிர்ந்து நின்றார். "அங்கிட்டுன்னா எந்திரிச்சா வேலை. இங்கிட்டு வந்து நான் என்ன பண்ணுவேன்? ஒரு மாசம்னா எல்லாரும் வாங்க வாங்கன்னுவாங்க. அப்புறம்? கடைவீதில பாதிப் பேரை எனக்கு அடையாளமே தெரியல."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பணம் பற்றிச் சொல்வார் என்று அதற்கான விடைகளைத்தான் தயாராக வைத்திருந்தேன்.

முன்னால் நின்ற அம்மா திரும்பினாள். "என்ன பண்றதா? ரேஷன் கடையில போய் நில்லுங்க. நின்னா அடையாளம் தெரியும். நான் ஒரு நாளாச்சும் வீட்ல உக்காந்திருக்கேன்."

"நிக்கிறதுக்கா என்னைய வரச் சொல்ற?"

"நான் நின்னேன்ல?"

அதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. வரிசை ஓரடி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். ராட்டினத்தில் அவர்கள் இருவரும் ஒரு பெட்டியில் ஏறினார்கள், நானும் தங்கையும் அடுத்த பெட்டியில். அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இறங்கும்போது அம்மாவின் கைப்பை அப்பா தோளில் இருந்தது.

மறுநாள் அவர் கிளம்பிப் போனார். அந்த வருடம் வேலை பெர்மிட் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. பெரிய பெட்டிகளோடு கீரமங்கலத்துக்கே வந்துவிட்டார்.

போன வாரம் அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா எங்கே என்று கேட்டேன்.

"ரேஷன் கடைக்குப் போனவரு இன்னும் காணோம்டி. இப்பத்தான் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிட்டுப் போறா. பாலு பொங்குதுங்கிறவ, பஸ்சு வந்துருச்சுங்கிறவ, வந்தவளையெல்லாம் முன்னாடி விட்டுட்டு மனுசன் கடைசில நிக்கிறாராம்."

"நீங்களும் ஏதாச்சும் சொல்லிட்டு முன்னாடி போங்கன்னு சொல்லும்மா."

"போன மாசமே சொன்னேனே. 'எனக்கு என்ன அவசரம், எங்க போகப் போறேன்'ங்கிறாரு" என்றாள். திட்டுகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் போனை உடனே வைக்கவில்லை. அடுப்பில் எதுவும் இல்லையாம், உட்கார்ந்துதான் பேசுகிறாளாம்.